ஆனையின் கடைசிப் பல்

அக்கா,

என் கட்டிலுக்குப் பக்கத்து ஜன்னல் கட்டையில் ஒரு கரும்புத் துண்டு கிடக்கிறது. உங்கள் எட்டாம் நாள் படையலில் இருந்து உங்கள் மகள் தேவி எடுத்துக் கொடுத்தது. வாங்கி வந்த அன்றைக்கு வெட்டுவாயில் ஈரம் இருந்தது. அறை முழுக்க அந்த இனிப்பு வாசனைதான். இப்போது இரண்டு முனையும் சிவந்து காய்ந்துவிட்டது. எறும்பு வரிசையாக வந்து பார்த்துவிட்டுப் போகிறது. மருமகள் கூட்ட வரும்போது, தூக்கிப் போட்டுவிடட்டுமா என்று கேட்கிறாள். இருக்கட்டும் என்கிறேன்.

அதைப் பார்த்தால் அழுகை வரும் என்றுதான் நினைத்தேன். அழுகைக்கு முன்னால் வெட்கம் வந்து நின்றுகொள்கிறது. முகம் சுடுகிறது.

எனக்கு எழுத்து அவ்வளவாக வராது என்று உங்களுக்குத் தெரியும். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் எழுத்துக் கூட்டிப் படிக்க வந்ததும் தம்பியைப் பார்த்துக்கொள்ள நிறுத்திவிட்டார்கள். கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் இருந்தபோது இதை நேரில் கேட்டிருந்தால், "போ புள்ள, உனக்கு வேற வேலை இல்ல" என்று சிரித்துத் தட்டிக் கழித்திருப்பீர்கள். இப்போது தட்டிக் கழிக்க முடியாது அல்லவா.

நம் ரப்பர் தோட்டம் பாலிங் ஊரைத் தாண்டி, காட்டை ஒட்டி இருந்தது. கடைசி ரப்பர் மரம் முடிகிற இடத்தில் காடு ஆரம்பம். அங்கேதான் நாம் இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து நிரையில் பால் வெட்டினோம். லயத்து வரிசை வீடுகளில் உங்கள் வீட்டுச் சுவரும் என் வீட்டுச் சுவரும் ஒன்று. நான் இருமினால் நீங்கள் அங்கிருந்தே என்ன என்று கேட்பீர்கள்.

மூன்றாவது பிள்ளை பிறந்த பிறகு என் கடவாய்ப் பற்கள் ஒவ்வொன்றாய்ச் சொத்தையாகிப் போயின. கன்னம் வீங்கும், வலி காது வரைக்கும் ஏறும். தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசர் பல்லுக்கென்று ஒரே வைத்தியம்தான் வைத்திருந்தார், பிடுங்குவது. ஒவ்வொரு தடவையும் நீங்கள்தான் கூட வந்தீர்கள். வாயில் பஞ்சைக் கடித்துக்கொண்டு, தலைத்துண்டால் முகத்தை மூடிக்கொண்டு உங்கள் பின்னாலேயே நடந்து வருவேன். கடைசிக் கடவாய்ப் பல்லும் போன அன்று உங்கள் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கினேன், இதை யாரிடமும் சொல்லக் கூடாது என்று. முன் பல் எல்லாம் அப்படியே இருந்தது. பேசினால், சிரித்தால் ஒன்றும் தெரியாது. மெல்லும்போதுதான் தெரியும்.

இதற்கு என்ன அவ்வளவு பயம் என்று இந்தக் காலத்துப் பிள்ளைகள் கேட்பார்கள். நம் லயத்தில் பெற்றவர்கள் வைத்த பேர் யாருக்கும் நிலைத்ததில்லை. கொஞ்சம் சாய்ந்து நடந்த வேலை மேஸ்திரி, நொண்டி மண்டோர். ஒரு நாள் சட்டியைக் கீழே போட்டவள் சாகும்வரை ஓட்டைச்சட்டி. எதிர் லயத்தில் பல் போன ஒருத்தி இருந்தாளே, அவளைப் பொக்கை என்றார்கள். பிள்ளைகள் பொக்கை மகன், பொக்கை மகள். சம்பள நாளில் அவள் புருஷனைப் பொக்கை புருஷன் என்று கூப்பிட்டார்கள், அவரும் போய்க் கையை நீட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதே பேர் என் பிள்ளைகள் மேல் ஒட்டிக்கொள்ளும் என்று நினைத்தாலே எனக்குச் சோறு இறங்காது.

அதனால் அடுத்தவர் முன்னால் சாப்பிடுவதையே விட்டேன். வீட்டில் சோற்றைக் கரைத்துக் குடிப்பேன். கல்யாண வீட்டில் வயிறு சரியில்லை என்பேன். என் மாமியார், நான் பத்தியம் இருக்கிறேன் என்று ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டார்.

அந்த வருஷம் ரப்பர் இலை உதிர்கிற காலத்தில்தான் ஆனை வந்தது.

காலை வேலை. தரை முழுக்கக் காய்ந்த இலை. ஓணான் ஓடினால்கூட நொறுநொறுவென்று கேட்கும். நான் குனிந்து, மரத்தில் பால் வடிகிற மங்குக் கிண்ணத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் வந்து என் தோளை அழுத்திப் பிடித்தீர்கள். நிமிர்ந்தால், சில மரங்கள் தள்ளி அது நின்றது. எப்போது வந்தது, எந்தப் பக்கமாக வந்தது, ஒன்றும் தெரியவில்லை. நெற்றிப்பொட்டு இரண்டும் குழி விழுந்து, காது ஓரமெல்லாம் கிழிந்து, தோல் உடம்புக்குப் பெரிய சட்டை போட்ட மாதிரி தொங்கியது. நம்மைக் கொஞ்ச நேரம் பார்த்தது. பிறகு திரும்பி, வந்த மாதிரியே சத்தமில்லாமல் போய்விட்டது.

அது மறைந்த பிறகு நீங்கள் சொன்ன முதல் பேச்சு இது: "நம்ம மண்டோர் செருப்புச் சத்தமே அடுத்த தோட்டத்துக்குக் கேக்கும். இது மேகம் மாதிரி வந்துட்டுப் போவுது."

அதற்குப் பிறகு அது லயத்துப் பக்கமே வர ஆரம்பித்தது. வாழை மரத்தைச் சாய்த்துக் குருத்தை மட்டும் உருவித் தின்றது. பழுத்த பப்பாளியைப் பறித்தது. மாட்டுக்கு வைத்த கழுநீர்த் தொட்டியில் கிடந்த சோற்றைத் தும்பிக்கையால் வழித்தது. ஆம்பிளைகள் தகரத்தைத் தட்டினார்கள், தீபாவளிக்கு மிச்சமிருந்த வெடியைக் கொளுத்திப் போட்டார்கள். அது தலையைக்கூடத் திருப்பவில்லை. காட்டை விட்டுவிட்டு இத்தனை மனுஷர் நடுவில் வருகிறதென்றால் அது சாதாரண ஆனை இல்லை, பிள்ளையாரே வந்திருக்கிறார் என்று பேச்சு கிளம்பியது. "தந்தம் இல்ல, பொட்டை ஆனை. புள்ளையாரு இல்ல, அவரப் பெத்தவங்கதான் வந்திருக்காங்க" என்று நீங்கள் சொல்ல, கோயில் தலைவர் உங்களை முறைத்தார்.

வெள்ளிக்கிழமை கோயில் முன்னால் படையல் போட முடிவானது. வாழைப்பழம், சர்க்கரைப் பொங்கல், தேங்காய், கட்டுக் கரும்பு. கரும்பைக் கழுவி வெட்டிக் கொடுத்தது நான். எல்லோரும் பள்ளிக்கூடத்துக்குள் கதவைச் சாத்திக்கொண்டு ஜன்னல் வழியாகப் பார்த்தோம். அது வந்தது. அதன் தும்பிக்கை நுனியில் ஒரு விரல் மாதிரி இருக்கும், பார்த்தீர்கள்தானே. அந்த விரலால் பழத்தை ஒவ்வொன்றாய் எடுத்து வாயில் போட்டது. பொங்கலை வழித்துத் தின்றது. பிறகு ஒரு கரும்பை எடுத்து வாய்க்குள் வைத்தது. இப்படியும் அப்படியும் புரட்டியது. எச்சில் வழிந்தது. கரும்பு முழுசாகக் கீழே விழுந்தது. மறுபடி எடுத்தது, மறுபடி விழுந்தது. தேங்காயைத் தொடவே இல்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டது.

கரும்பை வேண்டாம் என்கிற ஆனையை யாராவது பார்த்ததுண்டா? கோயில் தலைவர்தான் வாயைத் திறந்தார். யாரோ தீட்டோடு கை வைத்திருக்கிறார்கள், அதனால்தான் சாமி துப்பிவிட்டது என்றார். கரும்பு வெட்டினது யார் என்று கேட்டார். எல்லா முகமும் என் பக்கம் திரும்பியது.

எனக்கு அது அந்த நாள் இல்லை. ஆனால் அத்தனை ஆம்பிளைகள் நடுவில் அதை எப்படிச் சொல்வது? தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நீங்கள்தான் எழுந்தீர்கள்.

"வெட்டினது அவ, எடுத்து வச்சது நானு. ரெண்டு பேருமே சுத்தமாத்தான் இருக்கோம் அண்ணே. ஆனைக்குப் புடிக்கலன்னா ஆனையத்தான் கேக்கணும்."

யாரோ சிரித்தார்கள். ஆனாலும் அடுத்த சில நாட்கள் குழாயடியில் எனக்கு மட்டும் கொஞ்சம் இடம் விட்டே பெண்கள் நின்றார்கள்.

அதன் சாணியை நீங்கள் குச்சியால் கிளறிக் காட்டியது ஞாபகம் இருக்கிறதா? இலை இலையாகவே கிடந்தது, நார் நாராக. "மாடு போட்டா அரைச்ச மாதிரி இருக்கும். இது உள்ள போன மாதிரியே வந்திருக்கு பாரு. முழுங்குது புள்ள, மெல்லல" என்றீர்கள். எனக்குத் திக்கென்றது. ஏனென்று உங்களுக்குத் தெரியும், வேறு யாருக்கும் தெரியாது.

பிறகு அது வரவில்லை. ஆற்றோரம் இளம்புல் முளைக்கிற சேற்றுப் பக்கமாகச் செத்துக் கிடக்கிறது என்றார்கள். வனவிலங்கு இலாகாவிலிருந்து ஆட்கள் வந்தார்கள். தோட்டமே போய்ப் பார்த்தது. நாமும் போனோம். கிடக்கும்போதும் மலை மாதிரிதான் இருந்தது. அந்த மலாய்க்கார ஆபிசர் முதலில் அதன் காலைக் காட்டினார். அடிப்பாதத்தைக் கட்டை விரலால் அழுத்தினார், மெத்தை மாதிரி உள்ளே போனது. எலும்பைப் பார்த்தால் ஆனை நுனிக்காலில்தான் நிற்கிறதாம். குதிகால் இருக்க வேண்டிய இடத்தில் முழுக்கக் கொழுப்புத் திண்டாம். உடம்பின் பாரம் இறங்கினால் அது விரிந்துகொள்ளும், காலைத் தூக்கினால் சுருங்கும். அதனால்தான் சத்தமும் இல்லை, சேற்றில் கால் மாட்டிக்கொள்வதும் இல்லையாம்.

"இம்மாம் பெரிய உடம்பு நுனிக்கால்லயா நடந்துச்சு" என்று நீங்கள் வாயைப் பிளந்தீர்கள்.

பிறகு இரண்டு பேர் சேர்ந்து அதன் வாயைத் திறந்தார்கள். ஆபிசர் உள்ளே விளக்கடித்துக் காட்டினார். நமக்கு இருக்கிற மாதிரி வரிசையாகப் பல் இல்லை. பக்கத்துக்கு ஒன்று, செங்கல் மாதிரி இருக்க வேண்டியது, தேய்ந்த சிலிப்பர் செருப்பின் அடி மாதிரி வழவழவென்று ஈறோடு ஈறாகக் கிடந்தது. "கீகி டா ஹாபிஸ், காக்" என்றார். பல் முடிந்துவிட்டது அக்கா என்று அர்த்தம். நீங்கள் விடாமல் கேட்டுக் கேட்டு எல்லாவற்றையும் தெரிந்துகொண்டீர்கள். ஆனைக்கு மெல்லுகிற பல் கீழிருந்து முளைப்பதில்லையாம். பின்னாலிருந்து முன்னால் நகர்ந்து வருமாம். ஒன்று தேயத் தேய, அதை முன்னே தள்ளிக்கொண்டு பின்னாலிருந்து அடுத்தது வந்து நிற்குமாம். வாழ்நாளில் ஆறு தடவை அப்படி வரும். ஆறாவதும் தேய்ந்துவிட்டால் பின்னால் ஒன்றும் இல்லை. அப்புறம் அது பட்டையைத் தின்ன முடியாது, கரும்பைக் கடிக்க முடியாது. கூட்டம் முன்னே போய்விடும். இது இளசாக எது கிடைக்கும் என்று தேடிக்கொண்டு நிற்கும். நோயும் இல்லை, நொடியும் இல்லை, பசிதான் என்றார்.

எல்லோரும் ஆனையின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள்.

திரும்பி வரும் வழியில் கோயில் தலைவரிடம் போய், "சாமிக்குக் கோவமில்ல அண்ணே, பல்லுதான் இல்ல" என்று சொல்லிவிட்டு வந்தீர்கள். பிறகு என்னிடம் மெல்ல, "பாத்தியா, அது வெக்கப்படல. சோத்துப் பானையத் தேடி வந்துச்சு. நீயும் வாயத் தொறந்து கேளு புள்ள" என்றீர்கள்.

"அதுக்குப் பேரு வைக்க காட்டுல ஆளில்லக்கா" என்றேன்.

அதிசயமாக வீடு வரைக்கும் பேசாமலே வந்தீர்கள்.

கொஞ்ச நாளில் தோட்டத்துக் கணக்கு எழுதுகிற கிராணியின் மகள் கல்யாணம். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ப் பந்தியில் உங்கள் பக்கத்தில் உட்கார வைத்தீர்கள். சோற்று வாளி வந்ததும், பந்திக் கொட்டகை முழுக்கக் கேட்கிற மாதிரி குரல் கொடுத்தீர்கள்.

"தம்பி, எனக்குக் கடவாய்ப் பல்லு ஒண்ணுமில்ல. குழைஞ்ச சோறா பாத்துக் கொண்டா. பருப்ப நல்லா கடைஞ்சு ஊத்து."

வரிசையே திரும்பிப் பார்த்தது. எனக்கு இலைக்கடியில் புகுந்துகொள்ளலாம் போல இருந்தது. இப்படி மானத்தை வாங்குகிறாரே என்று உங்கள் மேல் கோபம்கூட வந்தது. அவன் அடிப்பானைச் சோற்றைக் கொண்டு வந்து கொட்டினான். நீங்கள் பாதியை வழித்து என் இலையில் தள்ளி, ரொம்பப் போட்டுவிட்டான், வீணாகப் போகும், நீ தின்னு என்றீர்கள். வெகு நாள் கழித்து அன்றுதான் ஆட்கள் நடுவில் உட்கார்ந்து வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

வழியில் கேட்டேன், உங்களுக்கு எப்போது போனது என்று. "உனக்கு மட்டும்தான் போவுமா? நானும் டிரசருகிட்ட போனேன்ல" என்றீர்கள். நம்பினேன் அக்கா. நம்பினது மட்டுமில்லை, சந்தோஷப்பட்டேன். இப்போது எழுதவே கை கூசுகிறது. உங்களுக்கும் பல் போய்விட்டது என்று கேட்டு, ஒரு துணை கிடைத்ததே என்று எனக்கு உள்ளுக்குள் அவ்வளவு நிம்மதி.

மறுநாள் குழாயடியில் உங்களுக்குப் பேர் வைத்தாகிவிட்டது. பொக்கையக்கா. எதிர் லயத்துக்காரி பொக்கை, நீங்கள் பொக்கையக்கா. நான் ஒரு நாளும் உங்களை அப்படிக் கூப்பிட்டதில்லை. கூப்பிட்டவர்கள் யாரையும் ஒரு நாளும் தடுத்ததும் இல்லை.

தோட்டத்தை விற்று, ரப்பர் மரத்தைச் சாய்த்து எண்ணெய்க்குச் செம்பனை போட்டார்கள். நாம் எல்லோரும் சிதறினோம். யார் செய்த புண்ணியமோ, சுங்கைப் பட்டாணி டவுனில், இந்தப் பாக்கார் ஆராங்கில், என் மகன் வாங்கின வீட்டுக்கு இரண்டு ரோடு தள்ளித் தேவி வீடு வாங்கினாள். நான் ஒரு நாள் அடுப்பை அணைக்காமல் தூங்கிப் போனதிலிருந்து மகன் என்னை அடுப்புப் பக்கம் போக விடுவதில்லை. காலையில் மருமகள் எதையாவது மூடி வைத்துவிட்டு வேலைக்குப் போவாள். நல்ல பெண், குறை சொல்ல மாட்டேன். வறுத்த கோழி, சப்பாத்தி, மீ கோரேங் நூடுல்ஸ் எல்லாம் வைப்பாள். அவளுக்கு எப்படித் தெரியும்? மத்தியானம் நீங்கள் அடுக்குச் சட்டியைத் தூக்கிக்கொண்டு வருவீர்கள். "எனக்குன்னு குழைய வடிச்சேன், கூடிப்போச்சு லா" என்பீர்கள். பூசணிக்காயை மசித்திருப்பீர்கள், மீனை முள் எடுத்து உதிர்த்திருப்பீர்கள். அரசாங்கக் கிளினிக்கில் பல் செட்டு கட்டித் தருகிறார்கள், நீ போய்க் கட்டிக்கொள் என்று எத்தனை தடவை சொன்னீர்கள். நீங்களும் வாருங்கள், இரண்டு பேரும் கட்டிக்கொள்வோம் என்பேன். "நீ கட்டிக்க. நான் இப்படியே ஓட்டிடுவேன்" என்று பேச்சை மாற்றுவீர்கள். எனக்கு அப்போதும் உறைக்கவில்லை.

குளியலறையில் விழுந்தீர்கள். ஆஸ்பத்திரிக்கு நான் வந்தபோது கண் திறக்கவில்லை. அடுத்த நாள் விடிகிறபோது தேவி போன் செய்தாள்.

அதன் பிறகு மத்தியானம் என்றால் கேட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். மூடி வைத்ததில் தண்ணீர் ஊற்றிப் பிசைந்து முழுங்குவேன். வயிறு கல்லாகிவிடும். மீதியைப் பையில் கட்டிக் குப்பையில் போடுவேன். உடம்பு இளைத்தது. மகன் மருமகளிடம், "பெரியம்மா போனதுலேருந்து அம்மா சாப்பிடவே மாட்டேங்குறாங்க, அவ்வளவு பாசம்" என்று சொன்னது என் காதில் விழுந்தது. நான் மறுக்கவில்லை. துக்கம் இல்லை என்று சொல்வேனா? இருந்தது. பசியும் இருந்தது. எது எவ்வளவு என்று எனக்கே பிரிக்கத் தெரியவில்லை. பசி வந்தால் பத்தும் பறந்து போகும் என்பார்கள். எனக்கு ஒன்பது போயிருக்கும், வெட்கம் மட்டும் போகவில்லை.

எட்டாம் நாள் படையலுக்கு, உங்களுக்குப் பிடித்ததையெல்லாம் வைக்க வேண்டும் என்று நானும் கொண்டு போனேன். பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கெஞ்சிச் சமைத்து வாங்கினது. குழைந்த சோறு, மசித்த பூசணிக்காய், கடைந்த பருப்பு, கனிந்த வாழைப்பழம். உள்ளே போனால் தேவி உங்கள் படத்துக்கு முன்னால் இலை போட்டு அடுக்கிக்கொண்டிருந்தாள். கை முறுக்கு. மொறுமொறுவென்று வறுத்த நெத்திலி. எலும்போடு கோழி. வறுத்த கச்சான் கடலை. பக்கத்தில் கரும்பு.

"என்னம்மா இதெல்லாம் வைக்கிற, உங்கம்மாவால கடிக்க முடியாதே" என்றேன்.

தேவி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "யாரு, எங்கம்மாவா? விழுந்ததுக்கு முந்தின நாளுகூட டிவி முன்னாடி உக்காந்து ஒரு முழக் கரும்பக் கடிச்சுத் துப்பினாங்க சின்னம்மா. அந்த வயசுலயும் ஒரு பல்லு ஆடல. பல்லு பாத்த டாக்டரே ஆச்சரியப்பட்டாரு."

என் கையில் சட்டி இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

அவள் முறுக்கைச் சரி செய்துகொண்டே கேட்டாள். "எங்கம்மாவ ஏன் எல்லாரும் பொக்கையக்கான்னு கூப்பிட்டாங்க? சின்னப் புள்ளையில ஸ்கூல்ல என்னப் பொக்கை மகள்னு கேலி பண்ணுவாங்க, அழுதுக்கிட்டு வருவேன். அம்மா சிரிப்பாங்களே தவிர சொன்னதில்ல. உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாதும்மா என்று சொன்னேன்.

அக்கா, உங்கள் படத்துக்கு முன்னால் நின்றுகொண்டு, உங்கள் மகள் கேட்டதற்கு, தெரியாது என்றேன். என் பிள்ளைகள் மேல் விழ வேண்டிய பேர் அவள் மேல் விழுந்திருக்கிறது. அவள் அழுதிருக்கிறாள். நீங்கள் அவளிடம்கூடச் சத்தியத்தை மீறவில்லை. புறப்படும்போது, அம்மா ஞாபகமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று படையல் கரும்பில் ஒரு துண்டை என் கையில் வைத்தாள். வாங்கிக்கொண்டு வந்தேன்.

நேற்று உங்கள் கருமாதி. வாசலில் கேமாப் பந்தல் கட்டி, அதன் நிழலில் மேசை போட்டு, தேவி பிடிவாதமாக வாழையிலையில்தான் பரிமாறினாள். பெண்டாங்கிலிருந்து, பண்டார் பாருவிலிருந்தெல்லாம் நம் தோட்டத்து ஆட்கள் வந்திருந்தார்கள். ஆளுக்கு ஆள் பொக்கையக்கா அப்படி, பொக்கையக்கா இப்படி என்று பேசிக்கொண்டிருந்தார்கள். என் மகனும் மருமகளும் எதிர் வரிசையில். சோற்று வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தவன் என் இலையில் உதிரி உதிரியாகப் போட்டான்.

சொன்னேன். குழைந்த சோறு வேண்டும் என்ற என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவன் அடுத்த இலைக்குப் போய்விட்டான். விட்டுவிடலாம் என்றுதான் இருந்தது. வயிறு சரியில்லை என்று எழுந்துவிடலாம், யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். நாக்கில் அந்தப் பொய் தயாராகவே இருந்தது. இலையில் தேவி வைத்திருந்த முறுக்கைப் பார்த்தேன். உங்களுக்குப் பிடிக்குமே என்று எல்லா இலையிலும் ஒன்று வைத்திருந்தாள்.

மறுபடி கூப்பிட்டேன். "தம்பி, எனக்குக் கடவாய்ப் பல்லு ஒண்ணுமில்ல. குழைஞ்ச சோறா பாத்துக் கொண்டா. பருப்ப நல்லா கடைஞ்சு ஊத்து."

இரண்டு வரிசையும் என்னைத் திரும்பிப் பார்த்தது. பருப்பு வாளியோடு வந்த தேவி அப்படியே நின்றாள். அவள் முகத்தைப் பார்த்த பிறகு என்னால் தரையைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"நீ அன்னைக்குக் கேட்டியே தேவி. அந்தப் பேரு உங்கம்மாவோடது இல்ல. என்னோடது."

அவள் வாளியைக் கீழே வைத்தாள். புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். அழுகிறாளா, சிரிக்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டும்தான் போல. பிறகு வாளியை எடுத்து, என் சோற்றில் பருப்பை ஊற்றி, அவளே கரண்டியால் மசித்து விட்டாள்.

வரிசைக் கடைசியிலிருந்து பழைய பால் லோரி டிரைவர் அண்ணன், "அப்ப இத்தனை வருஷமா நாங்க ஆள் மாறிக் கூப்பிட்டிருக்கமா?" என்றார். சிரிப்பு கிளம்பியது. "இனிமே சரியாக் கூப்பிடுங்க அண்ணே" என்றேன்.

உடனே வெட்கம் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். கை கழுவப் போகும்போதும் வாயைப் பொத்திக்கொண்டேதான் போனேன். காரில் மகன், ஏம்மா சொல்லவில்லை என்று கேட்டான். ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். செட்டு கட்டக் கூட்டிப் போகிறேன் என்கிறான். போவேன் என்று நினைக்கிறேன். இன்று காலையில் மருமகள் கஞ்சி வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். உப்பு கொஞ்சம் தூக்கல். குடித்தேன்.

ஒரு பல் தேய்ந்தால் பின்னாலிருந்து இன்னொன்று வந்து நிற்கும் என்று அந்த ஆபிசர் சொன்னாரே, அது ஆனைக்கு. எனக்கு நீங்கள் வந்து நின்றீர்கள். என் முன்னால் எத்தனை கல்யாணம், எத்தனை தீபாவளி, எத்தனை முறுக்குத் தட்டு உங்களைத் தாண்டிப் போயிருக்கும். ஒன்றையும் தொடாமல், குழைந்த சோற்றைத் தின்றுவிட்டு எழுந்திருக்கிறீர்கள். வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கரும்பு கடித்திருக்கிறீர்கள்.

அந்தத் துண்டை எடுத்துவிடட்டுமா என்று மருமகள் இனிமேல் கேட்க மாட்டாள். என்னால் அதைக் கடிக்க முடியாது, தூக்கிப் போடவும் முடியாது. என் கண் முன்னால் நீங்கள் ஒரு நாளும் கடிக்காத கரும்பு அது. இங்கேயே இருக்கட்டும்.